கடல் இறந்த தேதி: லடாக் பாறைகள் சொல்லும் சாட்சி

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் இருக்கிறதா? இருந்தால், அடுத்த முறை திருமஞ்சனம் செய்யும்போது அதில் இருக்கும் சக்கரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பக்தர்களுக்கு அது பெருமாளின் சக்கரம். புவியியல் படித்தவர்களுக்கு அது அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் ஓடு பதிந்த கல். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே கல்தான். சண்டை போட இதில் ஒன்றுமில்லை.

நேபாளத்தின் காளி கண்டகி ஆறு, கறுப்பு நிறக் களிப்பாறைகளை அரித்துக்கொண்டு வரும்போது இந்தக் கற்கள் உருண்டு வருகின்றன. அந்தப் பள்ளத்தாக்கின் மேலே, 3,700 மீட்டருக்கும் அதிக உயரத்தில் முக்திநாத். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வருஷா வருஷம் நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் குளிரில் நடுங்கிக்கொண்டே போய் சேவித்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கடலடி. அந்த அம்மோனைட்கள் உயிரோடு நீந்தியது ஏறத்தாழ 14 முதல் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இமயமலை இருக்கும் இடத்தில் கடல் இருந்தது என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த செய்தி. டெதிஸ் கடல். ஆஸ்திரியப் புவியியலாளர் எட்வர்ட் சூஸ் 1893-ல் வைத்த பெயர் அது. (எவரெஸ்ட் உச்சியே டெதிஸ் கடலின் அடித்தளம் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருமே, அது பாதிதான் சரி. உச்சியில் இருப்பது கடலில் உருவான சுண்ணாம்புப் பாறைதான். ஆனால் அதன் வயது 45 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இப்போது நாம் பேசும் கடல் பிறப்பதற்கே வெகு காலம் முந்தையது.)

கடல் இருந்தது, சரி. அது எப்போது முடிந்தது? ஒரு மனிதர் இறந்தால் இறப்புச் சான்றிதழ் வாங்கலாம். ஒரு சமுத்திரம் இறந்ததற்கு யாரிடம் போய் வாங்குவது? லடாக் பாறைகளிடம்தான் கேட்க வேண்டும். அவையும் எல்லாம் ஒரே தேதியைச் சொல்வதில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

அந்தமானில் உயிரோடு, லடாக்கில் சமாதியாக

முதலில் கடல் எப்படிச் சாகிறது என்று பார்த்துவிடலாம். நீர் வற்றிப் போய் அல்ல. அதன் தரையே பூமிக்குள் போய்விடுவதால்.

பூமியின் மேல் ஓடு பல தட்டுகளாக உடைந்து, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலடித் தட்டு அடர்த்தியானது. வயதாக ஆக அது குளிர்ந்து இன்னும் கனமாகிறது. இன்னொரு தட்டோடு முட்டும்போது, கனமானது கீழே வளைந்து பூமிக்குள் அமிழ்கிறது. கடலடி இப்படி உள்ளே போவதைத்தான் ஆங்கிலத்தில் சப்டக்‌ஷன் என்கிறார்கள். நாம் அமிழ்வு என்று வைத்துக்கொள்வோம்.

அது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் கடலூரும் பார்த்தது அமிழ்வின் ஒரு குலுக்கலைத்தான். இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கத்தில் கிழக்கே இருக்கும் தட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசும் இடம் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்து, ஒரே நாளில் விடுபட்டது. 9.1 அளவு நிலநடுக்கம், அதன் பின்னால் சுனாமி.

அதே அமிழ்வுக்கு இன்னொரு அடையாளமும் அந்தமான் கடலில் இருக்கிறது. பாரன் தீவு எரிமலை. உள்ளே போகும் தட்டு தன்னோடு கடல்நீரையும் பாறைக்குள் பொதித்து எடுத்துப்போகிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே இருக்கும் சூடான பாறையில் கலக்கும்போது, பாறை சுலபமாக உருகுகிறது. உருகியது மேலே வந்தால் எரிமலை. ஆகவே, அமிழ்வு நடக்கும் இடத்தில் மூன்று பொருட்களை எதிர்பார்க்கலாம். ஆழமான கடல் பள்ளம், வரிசையாக எரிமலைகள், இரண்டு தட்டும் உரசும் மாபெரும் பிளவு.

இப்போது வரைபடத்தில் விரலை வடக்கே நகர்த்துங்கள். அதே இந்தியத் தட்டின் வடக்கு ஓரம். அங்கேயும் இதே மூன்றும் இருந்தன. இந்தியா தெற்கே வெகு தொலைவில் இருந்தபோது, நடுவில் இருந்த டெதிஸின் தரை ஆசியாவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் போனது. கடைசியில் கடலடி தீர்ந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இந்தியக் கண்டமே வந்து சேர்ந்தது.

அங்கேதான் சிக்கல். கண்டப் பாறை லேசானது. ஊறிய சாக்கு தண்ணீரில் மூழ்கும், தேங்காய் மட்டையை எத்தனை முறை அழுத்தினாலும் மேலே வரும். கண்டமும் மட்டை ஜாதிதான். கொஞ்ச தூரம் இழுத்துப் போகலாம், முழுசாக முழுங்க முடியாது. அமிழ்வு திணறி நின்றது. பள்ளம் மூடியது. எரிமலைகள் அணைந்தன. பிளவு வேலை செய்யாமல் போனது.

லே நகரிலிருந்து பார்த்தால்

லடாக் என்றால் நமக்கு புல்லட் பயணமும் பாங்காங் ஏரியும்தான் ஞாபகம் வரும். ஆனால் லே நகரத்தின் மொட்டை மாடி எதிலாவது ஏறி நின்று வடக்கையும் தெற்கையும் ஒரு தடவை பார்த்தாலே கதையின் பாதி புரிந்துவிடும்.

வடக்கே, கர்துங் லா கணவாய்க்கு ஏறும் மலை முழுக்க வெளிர் சாம்பல் நிற கிரானைட். இதே கிரானைட் சுமார் 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர்போல ஓடுகிறது. இது எரிமலைகளின் அடிவயிறு. பாரன் தீவு போன்ற எரிமலை வரிசை ஒன்று ஆசியாவின் ஓரத்தில் புகைந்துகொண்டிருந்தபோது, மேலே வர முடியாமல் பூமிக்குள்ளேயே மெல்ல ஆறி உறைந்த குழம்பு இது. மேலே இருந்த எரிமலைகள் பெரும்பாலும் அரித்துப் போய்விட்டன. கர்துங் கிராமத்துப் பக்கம் மட்டும் பழைய எரிமலைப் பாறைகள் மிஞ்சியிருக்கின்றன. (கணவாயின் உயரத்தைப் பெருமையாகப் போட்டிருக்கும் பலகையோடு எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். உண்மையான உயரம் அதைவிடக் குறைவு. ஆனால் பலகைக்குப் பின்னால் இருக்கும் பாறையை யாரும் படம் எடுப்பதில்லை.)

தெற்கே, சிந்து நதிக்கு அந்தப் பக்கம், ஸ்டோக் மலைத்தொடர். அது கிரானைட் அல்ல. ஊதாவும் செம்மண் நிறமும் பச்சையுமாக, மணலும் களியும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காக இறுகிய படிவுப் பாறை. ஒரு காலத்தில் படுக்கையாகக் கிடந்த அடுக்குகள், இப்போது புத்தக அலமாரியில் புத்தகம்போலச் செங்குத்தாக நிற்கின்றன. நிம்மு கிராமத்தில் சிந்துவும் ஜன்ஸ்கார் ஆறும் கலக்கும் சங்கமத்தில் நிற்கிறீர்கள் என்றால், ஜன்ஸ்கார் வரும் பள்ளத்தாக்குக்குள் திரும்பிப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரும் இந்த அடுக்குகள்தான்.

நடுவில் சிந்து. இந்தியா என்ற பெயரே இந்த நதியிலிருந்து வந்தது. அந்த நதி தன் மேற்பகுதியில் ஓடுவது, இந்தியாவும் ஆசியாவும் ஒட்டிய தையலின் மேலே. 'தையல்' என்பது நான் வைத்த பெயர் இல்லை. கண்டங்கள் ஒட்டிய இடத்தைப் புவியியலாளர்கள் அறுவை சிகிச்சைத் தையலுக்கான சொல்லாலேயே அழைக்கிறார்கள். லடாக்கில் தொடங்கி கயிலாயம் தாண்டி திபெத் முழுக்க அது போகிறது. கயிலாயத்தின் பக்கம் பிறந்து மேற்கே ஓடும் சிந்துவும், கிழக்கே ஓடும் பிரம்மபுத்திராவும் இந்த ஒரே தையல் வழியைப் பிடித்துத்தான் வெகுதூரம் போகின்றன.

யாத்ரீகர் வேஷம் போட்ட ஸ்விஸ்காரர்

அந்தத் தையலை முதலில் அடையாளம் கண்டவர்களில் முக்கியமானவர் ஸ்விட்சர்லாந்தின் அகஸ்டோ கான்ஸர். 1936-ல், அவருக்கு வயது இருபத்தைந்து. அர்னால்ட் ஹைம் என்ற மூத்த புவியியலாளரோடு இமயமலைக்கு வந்திருந்தார். திபெத்துக்குள் போக அனுமதி இல்லை. மனிதர் பௌத்த யாத்ரீகர் வேஷம் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினார். மற்ற யாத்ரீகர்களோடு கயிலாயத்தை வலம் வந்தார். மற்றவர்கள் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருக்க, இவர் கற்களைச் சேர்த்து அங்கிக்குள் ஒளித்துக்கொண்டார்.

அவர் கயிலாயத்துக்குத் தெற்கே பார்த்தவற்றில் இரண்டு வகைக் கற்கள் அந்த உயரத்தில் இருக்கவே கூடாதவை. ஒன்று, பாம்புத் தோல்போலப் பளபளக்கும் பச்சைப் பாறை. இது கடலடிக்கும் கீழே, பூமியின் உள்ளடுக்கில் இருந்து வருவது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிரிகளின் கூடுகள் ஆழ்கடலில் படிந்து இறுகிய செந்நிறக் கல். கரையிலிருந்து வெகு தொலைவில், ஆழத்தில் மட்டுமே உருவாகக்கூடியது. கடல் முழுவதும் உள்ளே போனபோது, விளிம்பில் சுரண்டுபட்டுத் தங்கிவிட்ட மிச்சம் அது.

பிளேட் டெக்டானிக்ஸ் என்ற கொள்கை உருவாக இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் அந்தக் கற்களின் முக்கியத்துவம் கான்ஸருக்குப் பிடிபட்டிருந்தது. 1964-ல் இமயமலைப் புவியியல் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. 2012-ல், 101 வயதில் காலமானார்.

அதே வகைப் பாறைகளைப் பார்க்க நாம் வேஷம் போட வேண்டாம். லே–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் கால்சியில் சிந்துவைத் தாண்டி லாமாயுருவுக்கு ஏறும் வழியிலேயே தையல் பகுதி குறுக்கிடுகிறது. ஒழுங்கான அடுக்கே இல்லாமல், பச்சையும் சிவப்பும் கறுப்புமாக எல்லாம் கலைந்து நசுங்கிக் கிடக்கும். பேருந்தில் வருகிறவர்கள் அதைக் கவனிக்காமல், லாமாயுருவில் இறங்கி 'மூன்லேண்ட்' என்று மஞ்சள் மேடுகளைப் படம் எடுக்கிறார்கள். அந்த மேடுகள் அழகுதான். ஆனால் அது ஒரு பழைய ஏரியின் வண்டல், சில பத்தாயிரம் ஆண்டுகளே ஆனது. கோடி ஆண்டுக் கதை அதற்கு முந்தைய வளைவிலேயே கடந்து போய்விட்டது.

இன்னும் மேற்கே, கார்கில் வழியில் ஷெர்கோல் பக்கம் நீலச் சாயல் கொண்ட பாறைகள் இருக்கின்றன. அழுத்தம் மிக அதிகமாகவும் வெப்பம் குறைவாகவும் இருந்தால்தான் அந்த நீலக் கனிமம் உருவாகும். பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறத்தானே வேண்டும்? குளிர்ந்த கடலடி, சூடாவதற்கு நேரம் கிடைக்காத வேகத்தில் உள்ளே போனால் மட்டும்தான் அது நடக்கும். அமிழ்வு நடந்ததற்கு இதைவிட நேரடியான கைரேகை கிடைக்காது.

கடைசிக் காசுகள்

இதெல்லாம் கடல் இருந்ததற்கும், அது உள்ளே போனதற்கும் ஆதாரம். முடிந்த தேதி?

அதற்கு ஜன்ஸ்காரில் சிங்கே லா கணவாய் பக்கம் போக வேண்டும். சுமார் 5,000 மீட்டர் உயரம். அங்கே இந்தியக் கண்டத்தின் வடக்குக் கரையோரம் படிந்த கடல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இந்த மலைகளின் அடுக்குகளை முதலில் ஒழுங்காகப் படித்தவர்களில் ஒருவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்து, 1862-ல் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். நம் அரியலூர், திருச்சி பகுதியின் புதைபடிவங்களை விரிவாக விவரித்து நூல்கள் எழுதியவரும் இவர்தான். அரியலூர் அம்மோனைட்களுக்குப் பெயர் வைத்த அதே மனிதர் ஸ்பிதியிலும் லடாக்கிலும் மலை ஏறி, 1874 ஜூனில் யார்கண்டிலிருந்து திரும்பும் வழியில் உயர்மலை நோயால் இறந்துபோனார். வயது 36. லே நகரில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

அந்த ஜன்ஸ்கார் அடுக்குகளின் உச்சியில் ஒரு சுண்ணாம்புப் பாறை. அதில் சிதறிக் கிடப்பவை நாணயம் போன்ற தட்டையான வட்டங்கள். நம்முலைட் என்று பெயர். லத்தீனில் 'சின்னக் காசு'. ஒரே ஒரு செல் கொண்ட உயிரி கட்டிய கூடு இது. கண்ணுக்கே தெரியாத இனத்தில் பிறந்துவிட்டு, காசு அளவுக்கு வளர்ந்தது. எகிப்தில் கீஸா பிரமிடுகளின் கற்களிலும் இவை நிறைய உண்டு. பிரமிடு கட்டிய தொழிலாளர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்று அங்கே சொல்லிக்கொண்டதாகப் பழங்காலக் கிரேக்கப் பயணி ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார்!

நம்முலைட்கள் வெளிச்சம் படும் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில்தான் வாழும். அவற்றின் இனங்கள் வேகமாக மாறிக்கொண்டே இருந்தன. ஆகவே எந்த இனம் இருக்கிறது என்று பார்த்தால் அடுக்கின் காலத்தைச் சொல்லிவிடலாம். தேதி கிழிக்கும் நாட்காட்டி மாதிரி. ஜன்ஸ்காரில் இந்தக் காசு அடுக்கு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிகிறது. அதற்கு மேலே சிவப்பு மண்ணும் மணலும். ஆறு கொண்டுவந்து கொட்டியது. அதற்கும் மேலே கடல் அடுக்கு கிடையாது.

நாட்காட்டியில் கடைசியாகக் கிழிக்கப்பட்ட தாள் அதுதான் என்று ஒரு கட்சி சொல்கிறது. ஆனால் கடைசித் தாளைவிட முக்கியம், அந்தச் சிவப்பு மணல் எங்கிருந்து வந்தது என்பது.

மணலின் பூர்வீகம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் என்ற கனிமம் பிரித்தெடுக்கிறார்கள் அல்லவா? அதே சிர்கான்தான் இங்கே சாட்சி. உருகிய குழம்பில் அது படிகமாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பிறகு யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். அந்த ஈயத்தை அளந்தால் படிகத்தின் பிறந்த தேதி கிடைத்துவிடும். பாறை உடைந்து மணலாகி ஆயிரம் கிலோமீட்டர் உருண்டாலும் சிர்கான் தன் பிறந்த தேதியை விடாது.

இந்தியாவின் பாறைகள் கிழவர்கள். அவற்றின் சிர்கான்கள் 50 கோடி, 100 கோடி, 250 கோடி ஆண்டு வயதுடையவை. ஆசிய ஓரத்து எரிமலைப் பாறைகளோ இளசு. 10 கோடிக்கும் குறைவானவை அங்கே ஏராளம். நடுவில் சமுத்திரம் இருக்கும் வரை ஆசியாவின் மணல் இந்தியக் கரையில் வந்து விழ முடியாது, பள்ளத்தில் விழுந்துவிடும். எந்த அடுக்கில் முதன்முதலாக இளம் சிர்கான் இந்தியக் கரையில் தலைகாட்டுகிறதோ, அப்போது நடுவில் பள்ளம் இல்லை.

திபெத்தில் இந்தச் சோதனையைச் செய்தவர்களுக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 5.9 கோடி ஆண்டுகள். ஜன்ஸ்காரில் 5 கோடியை ஒட்டி. அதாவது, கண்டங்கள் முதலில் தொட்டுக்கொண்ட பிறகும் ஆழமற்ற கடல் ஒன்று பல லட்சம் ஆண்டுகள் அங்கங்கே தேங்கி நின்றிருக்கிறது. திபெத்தின் டிங்ரி பகுதியில் அதற்கும் பிந்தைய கடல் அடுக்குகள் இருப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். கடல் என்பது மூச்சு நின்றதும் முடிந்துபோகும் உயிர் இல்லை போலிருக்கிறது.

மற்ற சாட்சிகளையும் கேட்போம். லே நகருக்கு வடக்கே பார்த்தோமே கிரானைட், அதன் பெரும்பகுதி 7 கோடிக்கும் 5 கோடிக்கும் இடையில் உறைந்தது. அதன் பிறகு புதிய குழம்பு வேகமாகக் குறைந்து நின்றுவிட்டது. அடுப்புக்கு விறகு வரவில்லை. இந்தியப் பெருங்கடலின் தரையில் பதிந்திருக்கும் காந்தப் பட்டைகளும் ஒரு தகவல் தருகின்றன. ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்துகொண்டிருந்த இந்தியா, 5 கோடி ஆண்டுகளுக்கு முன் சட்டென்று வேகம் தணிந்திருக்கிறது. இன்று ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர்கூட இல்லை, நம் கைநகம் வளரும் வேகத்தை ஒட்டித்தான். முதன்முதலில் 1984-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் பாட்ரியா, அஷாஷ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த சாட்சி சோ மோரிரி ஏரிப் பக்கத்துப் பாறை. டேராடூனில் உள்ள வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹிமேஷ் சச்சனும் சக ஆய்வாளர்களும் அந்தப் பாறையின் கார்னெட் படிகத்துக்குள் கோசைட் என்ற கனிமத் துணுக்கைக் கண்டு 2004-ல் வெளியிட்டார்கள். நம் ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ்தான், சுமார் 90 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில் கோசைட்டாக மாறும். அந்தப் பாறை கடலடி அல்ல, இந்தியக் கண்டத்தின் ஓரம். மூழ்கும் தட்டின் பின்னால் இழுபட்டு 90 கிலோமீட்டருக்கும் கீழே போய், தேங்காய் மட்டைபோல மேலே வந்திருக்கிறது. அந்தப் பயணத்தின் காலம் 5.3 முதல் 4.7 கோடி ஆண்டுகள் என்று வெவ்வேறு அளவீடுகள் சொல்கின்றன.

வெள்ளையடித்த சுவரும் விரிசலும்

பிளவுகளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? உங்கள் வீட்டுச் சுவரை வைத்தே சொல்லலாம். விரிசலின் மேல் வெள்ளை மூடியிருந்தால், விரிசல் பழசு, வெள்ளை புதுசு. வெள்ளையையும் சேர்த்துக் கிழித்திருந்தால் விரிசல் புதுசு. பாறையிலும் இதே நியாயம்தான்.

சிந்துத் தையலில் இன்று பளிச்சென்று தெரியும் பெரிய பிளவை இந்த நியாயத்தால் சோதித்தால் ஓர் ஆச்சரியம். கடல் முடிந்தபின் ஆறுகள் கொட்டிய கூழாங்கல் அடுக்குகளை, அந்த ஸ்டோக் பக்கத்து அடுக்குகளையே, அது வெட்டியிருக்கிறது. ஆகவே கடலைவிட மிகவும் இளையது. அதோடு, திசையும் தலைகீழ். அமிழ்வின்போது இந்தியா வடக்கு நோக்கிக் கீழே போனது. இந்தப் பிளவிலோ தெற்கத்திப் பாறைகள் வடக்கு நோக்கி மேலே ஏறிக் கிடக்கின்றன. கடலை விழுங்கிய அந்தப் பழைய மூலப் பிளவு, பின்னால் வந்த இந்த நெருக்கலில் நசுங்கி அடையாளம் தெரியாமல் போய்விட்டது. தையல் பிரிந்து, அதன் மேலேயே வேறு தையல் போட்ட மாதிரி. தேதியைப் பற்றி ஆய்வாளர்கள் அடித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பழைய பிளவு செத்த பிறகும் இந்தியா தள்ளுவதை நிறுத்தவில்லை. பாயைச் சுவரில் முட்டித் தள்ளினால் முதல் மடிப்பு சுவரோரம் விழும். அது இறுகியதும் அடுத்த மடிப்பு உங்கள் பக்கமாகத் தள்ளி விழும். அப்படித்தான் ஆனது. தையலில் வேலை முடிந்ததும், இந்தியப் பாறைக்கு உள்ளேயே தெற்கே புதிய பிளவு விழுந்தது, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு அதற்கும் தெற்கே ஒன்று, சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன். இப்போது உயிரோடு இருப்பது கடைசி மடிப்பு. டேராடூனுக்குத் தெற்கே மோகண்ட் பக்கம் சிவாலிக் குன்றுகள் சமவெளியைத் தொடும் கோடு அதுதான்.

1905 காங்க்ரா, 1934 பீகார்–நேபாளம், 1950 அஸ்ஸாம், 2015 நேபாளம். இந்த நிலநடுக்கங்கள் எல்லாம் கடலை விழுங்கிய தையலில் நடந்தவை அல்ல, அதற்குத் தெற்கே, இந்தியா தன் கீழேயே தான் நுழையும் இடத்தில் நடந்தவை. 2015-ல் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அமிழ்வு முடிந்தது என்றால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தமில்லை. ஆபத்து குடிபெயர்ந்து, கோடிக்கணக்கான மக்கள் வாழும் கங்கைச் சமவெளியின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

கணக்கு உதைக்கிறது

சரி, 5.9 கோடியா, 5 கோடியா? தொண்ணூறு லட்சம் ஆண்டுகள் முன்னே பின்னே இருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று தோன்றலாம். கெட்டுப்போவது நிலக் கணக்கு.

5 கோடி ஆண்டுகளில் இந்தியா ஆசியாவை நோக்கி 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக நகர்ந்திருக்கிறது. கடல் அப்போதே முடிந்திருந்தால் அத்தனை தூரமும் கண்டத்தின் மேல்தான் விழுந்திருக்க வேண்டும். இமயமலையின் மடிப்புகளை எல்லாம் பிரித்து நீட்டினால் அதில் பாதிகூடத் தேறவில்லை. திபெத்தின் மடிப்புகளைச் சேர்த்தாலும் கணக்கு உதைக்கிறது. மிச்ச நிலம் எங்கே போனது?

சிலர் இந்தியா வடக்கே இன்னும் நீண்டிருந்தது, அது திபெத்துக்கு அடியில் போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு கட்சி, முதலில் மோதியது ஆசியாவோடு அல்ல, நடுக்கடலில் இருந்த எரிமலைத் தீவு வரிசையோடுதான் என்கிறது. லே கிரானைட்டே அந்தத் தீவுகளின் மிச்சம், 5 கோடியில் இந்தியா முட்டியது அதை, ஆசியாவோடு சேர்ந்தது 4 கோடியில் என்பது அவர்கள் வாதம். 2007-ல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உண்மையான மோதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் என்றுகூட வாதாடினார்கள். என் சின்ன அறிவுக்கு, சிர்கான் தேதிகளைத் தள்ளிவிடுவது கஷ்டம் என்றே படுகிறது. ஆனால் நிலக் கணக்கு நேராகும் வரை தீவுக் கட்சிக்காரர்களை வாயை மூடச் சொல்ல முடியாது.

உள்ளே போன கடலடி என்ன ஆனது என்பதில் மட்டும் அவ்வளவு தகராறு இல்லை. கண்டம் திணறி நின்றபோது, கீழே தொங்கிய கனமான கடல் தட்டு அறுந்து தனியாக மூழ்கிவிட்டது என்பது பரவலான கருத்து. நிலநடுக்க அலைகளை வைத்து, மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பதுபோல, பூமியின் உள்ளே படம் எடுக்கிறார்கள். 1999-ல் வெளியான ஒரு படத்தில் அந்தப் பழைய தட்டுகள் தெரிந்தன. தேடிய இடம் திபெத் பக்கம் அல்ல. தட்டு கிட்டத்தட்ட நேராகக் கீழே மூழ்கிக்கொண்டிருக்க, மேலே இந்தியா வடக்கே நகர்ந்து அதைத் தாண்டிப் போய்விட்டது. டெதிஸின் தரை இப்போது கிடப்பது இந்தியத் துணைக்கண்டத்துக்கு நேர் கீழே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில். சுற்றியிருக்கும் பாறையின் அளவுக்கு அது இன்னும் சூடேறவில்லை. அதனால்தான் நிலநடுக்க அலைகள் அந்த இடத்தைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமெடுக்கின்றன.